வேண்டாத குரல்

இந்தப் பாட்டும் தேறாவிட்டால் கிடாரை விற்றுவிட்டு மாமனாரின் அரிசி ஆலையில் மூட்டை தைக்கப் போகிறேன் என்று சபதம் செய்தேன். என் மனைவி சாமுண்டீஸ்வரி அதை என் தலையில் அடித்தே சத்தியமாக வாங்கிக்கொண்டாள்.

எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர். பாட்டும் கிடாரும் நான். டிரம்ஸ் பாஸ்கர். ஒலிப்பதிவு என் மச்சான் மோகன். சென்னைக் கம்பெனிகள் எதைத் தேடுகின்றனவோ அதைத்தான் ஆறு வருஷமாகப் பாடுகிறோம். ராப் ஓடியபோது ராப் போட்டோம். முடிப்பதற்குள் மெலடி வந்துவிட்டது. சோகப் பாட்டுக்காகத் தாடி வளர்த்தேன்; அது முளைத்து முடிந்தபோது ஊரே குத்தாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. இத்தனை கூத்துக்கும் மூன்று பேருக்கும் சோறு போட்டவள் சாமுண்டீஸ்வரிதான். திட்டிக்கொண்டே போடுவாள், ஒருநாளும் குறைத்துப் போட்டதில்லை. அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு.

இப்போது ஒரு கம்பெனி, வட்டார வாசனையோடு பாட்டு அனுப்பினால் ஒப்பந்தம் என்றது.

"ஈஸ்வரி, நமக்கு லேபிள் கெடைக்கப் போவுது!"

"லேபிளா? எங்கப்பா மில்லுல கட்டுக்கட்டா கீது. எடுத்துக்கினு வரட்டா?"

"அது மூட்டைல ஒட்டறது. இது பாட்டு கம்பெனி. ரெக்கார்டு பண்ணணும், நாலு நிமிஷம் வாயத் தொறக்காத."

"நாலே நிமிஷந்தான? சரிய்யா."

'உத்திரமேரூர் ஏரிக்கரையோரம் உன்னை எண்ணி உருகுகின்றேன்' என்று வட்டார வாசனையோடு ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் சமையலறை முழங்கியது.

"கண்ண மூடிக்கினு, கம்பியத் தடவிக்கினு, காலாட்டிக்கினு கீறியே, வூட்ல காஸ் தீந்து கீதே, கண்டுக்கினியா?"

பாஸ்கர் பாவி, அவள் 'கினு'வுக்கெல்லாம் ஒரு தட்டு தட்டினான். நான் விடாமல் பாடினேன். அவளும் விடவில்லை.

ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மணி நாலு ஐம்பது. மறுபடி பாட நேரமில்லை.

"மச்சான், அந்த வேண்டாத குரல எடுத்துட்டு அனுப்பிடு."

"எந்தக் குரல் மாமா?"

"இதக்கூட நான் சொல்லணுமா? போய் உங்க அக்காவையே கேளு!"

எரிந்து விழுந்துவிட்டு சிலிண்டர் வாங்கக் கிளம்பினேன்.

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து போன். "சார், 'கினு' பாட்டு பிரமாதம்! இதை ஏன் இத்தனை வருஷம் அனுப்பல? அந்தம்மா யாரு?"

மோகனைப் பிடித்து உலுக்கினேன்.

"அக்காவத்தான் கேட்டேன் மாமா. ஒங்க குரல எடுத்துடச் சொல்லிச்சு. எடுத்துட்டேன்."

"ஏண்டி ஈஸ்வரி, வாயத் தொறக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"ஆறு வருசமா ஊர்ல ஓடறதெல்லாம் பாடினே, இன்னா கெடச்சுது? அதான் நம்ம வூட்ல ஓடறதப் போட்டேன். நாலு நிமிஷத்துக்கு மேல ஒரு வார்த்த பேசினனா?"

பேசவில்லைதான். எனக்குக் கோபம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. கிடார் பிழைத்தது. குழு பிழைத்தது. அவள் இல்லாவிட்டால் இந்நேரம் நான் கோணி ஊசியோடு உட்கார்ந்திருப்பேன்.

"ஈஸ்வரி, நீதான் எங்க குலதெய்வம்."

"அப்பிடின்னா ஒயுங்கா பின்னால நின்னு வாசி."

ஒப்பந்தம் தபாலில் வந்தது. மனம் நிறைந்த நன்றியோடு பேனாவைத் திறந்து என் பெயரைத் தேடினேன். 'பாடகர்' என்ற இடத்தில் சாமுண்டீஸ்வரி கையெழுத்துப் போட்டிருந்தாள். எனக்கு விட்டிருந்தது, கடைசிப் பக்கத்தில், 'சாட்சி'.