ஒப்பாரியக்கா நிறுத்திய ரயில்

"ஏம்மா, சுரங்கத்துல கேஜ் கூண்டுல எறங்கினவன் பேத்திக்கு இங்கிலீஷ் எம்.ஏ. கேக்குதா? படிச்சி இன்னா பண்ணப் போற?" என்றார் கடைத்தெரு மளிகைக்காரர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்த ஒப்பாரியக்கா எனக்காக அழ ஆரம்பித்துவிட்டார். கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. மளிகைக்காரர் கடலைமிட்டாய் கொடுத்துச் சமாதானம் பேசினார்.

ஒப்பாரியக்கா வாய் திறந்தால் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் உலை கொதிப்பதுகூட நின்றுவிடும். சாவு வீட்டில் பாடுவது அவர் தொழில். ஆனால் வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்தாலும் அதே ராகம்தான். குரல் கேட்டதும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் மொத்தமும் ஓடிவரும். சுரங்கம் ஓடிய காலத்தில், உள்ளே விபத்து என்று சத்தம் கேட்டால் ஓடிய பழக்கம் அது. முதலில் ஓடுவார்கள், காரணம் பிறகுதான்.

பெங்களூரில் எனக்கு எம்.ஏ. நேர்முகத் தேர்வு. ரயில் வந்து நின்றபிறகுதான் சான்றிதழ்களை வீட்டில் விட்டுவந்தது தெரிந்தது. அந்த ரயிலைத் தவறவிட்டால் அந்த வருடமே போச்சு. அதே ரயிலில் பங்காருபேட்டைக்கு ஒரு சாவுக்குக் கிளம்பியிருந்த அக்கா, "நீ ஓடு. ரயில நான் பாத்துக்கறேன்" என்றார்.

திரும்பி வந்தபோது பிளாட்பாரமே அழுதுகொண்டிருந்தது. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா மாரடித்துக்கொண்டிருந்தார். ஒப்பாரிக்கு ஒரு பெயர் வேண்டுமே? வேலைக்குப் போக அதே ரயிலுக்கு வந்து, கண்ணில் பட்ட என் அப்பாவின் பெயரையே வைத்துவிட்டார். அப்பாவோ டிபன் பாக்ஸோடு பக்கத்திலேயே நின்றார்.

"யக்கா, நான் இங்கதான கீறேன்."

"சும்மா இருய்யா. பொண்ணு வரட்டும், அப்பால பொழச்சிக்கோ."

கார்டு இறங்கி வந்து, "பாடி எங்கம்மா?" என்று கேட்டார். அப்பா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

நான் ஏறியதும் ஒப்பாரி நின்றது. அக்காவும் ஏறி, என்னை முந்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

தேர்வில், பிடித்த ஆங்கிலச் சொல் எது என்று கேட்டார்கள். அழுவதைக் குறிக்கும் 'க்ரை' என்றேன். முதலில் அதற்குக் கண்ணீர் என்ற அர்த்தமே இல்லை, கூப்பாடுதான். பழைய ரோமில் ஆபத்து வந்தவர்கள் சக குடிமக்களை உதவிக்குக் கூப்பிட்ட லத்தீன் சொல்லிலிருந்து அது வந்ததாக ஒரு விளக்கம் உண்டு. கண்ணீர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

"நம்பற மாதிரி இல்லையே. கத்தினா ஊர் வந்துடுமா?" என்றார் ஒரு பேராசிரியை.

"காலையில வந்துது மேடம்" என்றேன்.

இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது ஒப்பாரியக்கா அழுதார். சத்தமே வரவில்லை. அதனால் யாரும் ஓடிவரவில்லை. நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே, தினமும் பெங்களூர் போய்வர சீசன் டிக்கெட் எடுத்துவிட்டேன். அக்கா வரும் நாட்களில் ஜன்னலோரம் அவருக்குத்தான்.