செம்பில் திரிந்த பேய்

மரக்காணத்தில் வெயிலுக்கு அடுத்தபடியாக எங்கும் நிறைந்திருந்தவர் பால்சித்தர்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளம் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை கம்பத்துக்குக் கம்பம் ஃபிளெக்ஸ் பேனரில் சிரித்தார். தலைக்குப் பின்னால் சூரியன், காலடியில் ஒரு பசு, பசுவுக்குக் கீழே செல்போன் நம்பர். ‘பேய் இருக்கிறதா? பால் சொல்லும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பால் எப்படிச் சொல்லும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நேரம் ஏது? வரிசையில் இடம் பிடிக்க வேண்டாமா?

செவ்வாய், வெள்ளி ஆனால் வானூர்ப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோ பிதுங்கி வரும். குப்பங்களிலிருந்து மீன்காரர்கள் வருவார்கள். உப்பளத்துக் கூலிகள் வேலை முடிந்து காலில் உப்புப் பூத்தபடியே வந்து நிற்பார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஜான்சனும் குடும்பத்தோடு வந்தார். அது வேறு டிபார்ட்மென்ட், இது வேறு டிபார்ட்மென்ட் என்பது அவர் விளக்கம். நம் ஆட்களைச் சாதி மதம் பார்க்காமல் ஒரே வரிசையில் நிறுத்தப் பேயால்தான் முடியும்.

சித்தரின் பழைய பெயர் தட்சணாமூர்த்தி. சித்தராவதற்கு முன்னால் என்ன தொழில் பார்த்தார் என்று அவரும் சொல்லவில்லை, ஊர்க்காரர்களும் கேட்கவில்லை. உப்பளக் குத்தகைதாரர் சுப்ராயன் தன்னுடைய பழைய கொட்டகை ஒன்றை அவருக்குச் சும்மா விட்டிருந்தார். மற்றவர்களுக்குக் குண்டூசியைக்கூடச் சும்மா தராத மனிதர்.

சோதனை எளிமையானது. வேலை செய்கிற இடத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டுவர வேண்டும். கால் நிற்கிற இடத்தில்தான் பேய் ஏறும் என்பது சித்தரின் விஞ்ஞானம். கொட்டகையின் பூட்டிய அறைக்குள் ஒரு தெய்வப் பசு இருந்தது. அதை யாரும் பார்க்கக் கூடாது. அது கத்தியதில்லை, வைக்கோல் தின்றதில்லை, சாணி போட்டதில்லை. இவ்வளவு சுத்தமான மாட்டை இந்த ஜில்லாவே கண்டதில்லை. விடியற்காலையில் உள்ளேயிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அதுதான் ஓங்காரம் என்று பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பசுவின் பாலைச் சுடச்சுடச் செம்பில் ஊற்றி, வந்தவர் கொண்டுவந்த தண்ணீரை அதில் சேர்த்து, சிவப்புத் துணியால் மூடி, மணியடித்து, கொஞ்சம் பொறுத்துத் திறப்பார். பால் பாலாகவே இருந்தால் ஆள் சுத்தம். திரிந்து கட்டியாகியிருந்தால் பேய்.

உப்பளத்துக் கூலி எவன் வந்தாலும் திரிந்தது. மீன்காரர்கள் கொண்டுவந்த கடல் தண்ணீருக்குக் கொஞ்சமாகத் திரிந்தது. அது சின்னப் பேய். சுப்ராயன் தன் ஆபீஸ் வாஷ்பேசினில் பிடித்துவந்த தண்ணீருக்கு ஒருநாளும் திரிந்ததில்லை. புண்ணியவான் அல்லவா. உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடித்தவனுக்கெல்லாம் காரணம் பேய்தான் என்று ஆனபிறகு, பூட்ஸ் வாங்கிக் கொடு என்று அவரிடம் கேட்பவன் எவன்? கொட்டகை சும்மா கிடைத்த ரகசியம் இதுதான்.

செம்பில் பிடித்த பேயைச் சித்தர் கொட்டகைக்குப் பின்னால் வீசுவார். ஒரு தெருநாய் அதைத் தின்னும். தினமும் பேய் தின்ற அந்த நாய் எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தது. சதை பிடித்து, முடி அடர்ந்து, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஊரே அதைப் பார்த்தது. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சந்தியாவும் அவள் புருஷன் சடையப்பனும் உப்பு வாரும் கூலிகள். மகள் அஸ்வினிக்கு மூன்று வயது. கோடையில் வயிற்றுப்போக்கு வந்து குழந்தை சோர்ந்தது. சித்தரிடம் தூக்கிப் போனார்கள். குழந்தைக்கு ஏது வேலை செய்கிற இடம்? அப்பன் நிற்கிற உப்புப் பாத்தியிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். உப்பை வாரியபிறகு பாத்தியில் மிஞ்சிக் கிடக்கிற கசப்புத் தண்ணீரைச் சடையப்பன் மொண்டு வந்தான். செம்பில் இட்லி கனத்துக்குப் பேய் விழுந்தது.

சித்தர் பத்தியம் சொன்னார். முட்டை கூடாது. மீன் கூடாது. பருப்பு, பயறு, வேர்க்கடலை கூடாது. பால் கூடாது. அங்கன்வாடிச் சத்துமாவு கூடவே கூடாது. அதெல்லாம் பிள்ளைக்குப் போகவில்லையாம், உள்ளே இருக்கிற பேய்க்குப் போகிறதாம். கஞ்சியும் சர்க்கரைத் தண்ணீரும் மட்டும் கொடுத்துப் பேயைப் பட்டினி போட வேண்டுமாம்.

பேய் பட்டினி கிடந்ததோ இல்லையோ, பிள்ளை கிடந்தது. மாதங்கள் போகப் போக அஸ்வினியின் கால் உப்பியது. முகம் உப்பியது. பக்கத்து வீடுகளில் பிள்ளை குண்டாகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். அந்தக் குண்டுக் காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. முடி செம்பட்டையாகிக் கையோடு வந்தது. எழுந்து விளையாட மாட்டாள், அழக்கூடத் தெம்பில்லை. பேய் நீராக இறங்குகிறது, பத்தியத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடி என்றார் சித்தர். பரிகாரத்துக்குக் குழந்தையின் வெள்ளிக் கொலுசு போனது. அதுவும் நல்லதுக்குத்தான். வீங்கின காலில் அது ஏறவும் இல்லை.

அங்கன்வாடி டீச்சர் சூர்யகலாவுக்கு ஏற்கெனவே எரிச்சல். முட்டை போடுகிற நாளில் பாதிப் பிள்ளைகள் தட்டைக் கையால் மூடிக்கொண்டன. கேட்டால் பேய் வந்துவிடும் என்றன. அஸ்வினி வருவதையே நிறுத்தியிருந்தாள். வீட்டுக்கே வந்து பார்த்த சூர்யகலா, குழந்தையின் காலை அழுத்தி, விழுந்த குழியைச் சந்தியாவிடம் காட்டினாள்.

"ஏம்மா சந்தியா, இது குண்டு இல்ல. ஒடம்பெல்லாம் தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போனா முட்டை குடு, பாலு குடும்பாங்க டீச்சர். குடுத்தா பேய் புள்ளைய அடிச்சிடும்னு சாமி சொல்லிட்டாரு. எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான்."

பேய்க்குப் போகிறது என்று சித்தர் சொன்ன சாப்பாடு உண்மையில் எங்கே போகிறது? நம் சதை புரதம். முடி புரதம், தோல் புரதம். ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமந்து போகும் கூலியாள் ஒரு புரதம். தின்றதைச் செரிக்க வைப்பது புரதம், கிருமி வந்தால் மறித்து நிற்பதும் புரதம். இத்தனையும் கட்டுவதற்குச் செங்கல் வேண்டும். அந்தச் செங்கலுக்கு அமினோ அமிலம் என்று பெயர். அது இருபது வகை. சிலதை உடம்பே சூளை போட்டுச் செய்துகொள்ளும். ஒன்பது வகை சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். மீனைத் தின்றால் உடம்பு மீனின் வீட்டை இடித்து, அந்தக் கல்லை எடுத்துத் தன் வீட்டைக் கட்டிக்கொள்கிறது. ஒரு வகைக் கல் வரவில்லை என்றாலும் சுவர் பாதியில் நிற்கும். அரிசியில் குறைகிற கல் பருப்பில் இருக்கிறது. சோற்றில் சாம்பார் ஊற்றித் தின்கிறோமே, அது ருசிக்கு மட்டுமல்ல.

ரத்தத்தில் இன்னொரு புரதமும் உண்டு. தண்ணீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்து நிறுத்துகிற வரப்பு அது. வரப்பு கரைந்தால் பாத்தித் தண்ணீர் எங்கே நிற்கும்? வெளியே கசியும். அஸ்வினியின் காலில் தேங்கியிருந்தது அந்தத் தண்ணீர்தான். இல்லாத பேயை ஓட்டப் போய், இருந்த வரப்பை உடைத்திருந்தார் சித்தர்.

இதையெல்லாம் சொன்னால் சந்தியா நகர மாட்டாள் என்று சூர்யகலாவுக்குத் தெரியும். பயந்து கிடப்பவளிடம் பாடம் நடத்த முடியுமா? அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"இந்தப் பேய் இன்னாத்துக்குக் கூலிக்காரனையே புடிக்குது? சுப்ராயன் வீட்டுப் பக்கம் வழி தெரியலையா அதுக்கு?"

சந்தியா முந்தானையை இழுத்துக் குழந்தையின் காலை மூடினாள்.

"வர்ற வெள்ளிக்கெழம புள்ள பேருல தண்ணி நான் கொண்டாறேன். பாலு திரிஞ்சா அப்புறம் நான் வாயத் தொறக்கல. திரியலன்னா நேரா ஆஸ்பத்திரி. சரியா?"

சந்தியா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சுப்ராயன் உட்கார்ந்திருந்தார். அஸ்வினியின் முறை வந்ததும் சூர்யகலா ஒரு பாட்டிலை நீட்டினாள். சித்தர் ஊற்றினார், மூடினார், மணி அடித்தார், துணியை எடுத்தார். பால் தளதளவென்று பாலாகவே இருந்தது.

சித்தரின் முகம்தான் கொஞ்சம் திரிந்தது. ஆனால் தொழில்காரர் இல்லையா, உடனே சமாளித்தார். பேய் ஓடிவிட்டது, எல்லாம் பத்தியத்தின் மகிமை என்றார். கூட்டம் கைதட்டியது.

"அப்ப இனிமே முட்டை குடுக்கலாமா சாமி?" என்றாள் சூர்யகலா.

கைதட்டல் நின்றது. சித்தர் கூட்டத்தைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். "குடுக்கலாம்" என்றார்.

"மீனு, பருப்பு, பாலு?"

"அதான் குடுன்னு சொல்லிட்டேனே."

சந்தியாவுக்கு அது போதும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய், வந்து நின்ற ஆட்டோவில் ஏறிவிட்டாள். அதற்குப்பிறகு நடந்த வேடிக்கையை அவள் பார்க்கவே இல்லை.

சூர்யகலா இரண்டாவது பாட்டிலை எடுத்தாள். நமக்கெல்லாம் வேலை கொடுக்கிற ஐயாவுக்கு அவர் பேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று பவ்யமாகச் சொன்னாள். சுப்ராயன் மீசையைத் தடவிக்கொண்டு சம்மதித்தார். சித்தர் ஊற்றித் திறந்தார். செம்பு நிறையக் கட்டி. ஒரு குடும்பத்துக்கே ஆகிற பேய்.

"ஐயாவுக்குக் கண்ணு பட்டிருக்குது" என்று சித்தர் இழுத்தார்.

"சடையப்பன் கொண்டாந்தப்ப பேயின்னீங்க. ஐயாவுக்கு மட்டும் கண்ணா?"

"பேய்தான்."

"அப்ப பத்தியம் சொல்லுங்க சாமி. கறி, மீனு, முட்டை எல்லாம் நிறுத்திடணுமா?"

சுப்ராயன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "யோவ், எனக்கா பேய்?"

"இல்லைங்க ஐயா" என்றாள் சூர்யகலா. "புள்ளைக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. மொதல்ல குடுத்தது அங்கன்வாடி வாசல்ல வர்ற தெருக்குழாய்த் தண்ணி. இப்ப குடுத்தது சடையப்பன் நிக்கற பாத்தித் தண்ணி. அன்னிக்குப் புள்ள பேருல திரிஞ்ச அதே தண்ணிதான். பேரு மாறுனாலும் பேய் மாறல பாருங்க."

கூட்டம் செம்பை எட்டிப் பார்த்தது. பிறகு லோடு தூக்குகிற மாயவன் பின்னாலிருந்து முண்டியடித்து வந்தான். கையில் அவன் கொண்டுவந்த பாத்தித் தண்ணீர். "சாமி, என் டிவிஎஸ் ஃபிஃப்டி ஏறும்போதெல்லாம் மொனகுது. அது பேருல ஒரு வாட்டி பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவனே புதுப் பாலில் ஊற்றினான். திரிந்தது. வண்டிக்கும் பேய். அடுத்தவன் பேனரில் இருந்த பசுவின் பேரில் ஊற்றினான். தெய்வப் பசுவுக்கும் பேய். அதோடு சிரிப்பு கிளம்பியது. சிரிப்பு வந்த இடத்தில் பயம் எவ்வளவு நேரம் தங்கும்? ஜான்சன்தான் முதல் ஆளாகப் போய்ப் பூட்டை உடைத்தார்.

உள்ளே பசு இல்லை. ஒரு பெரிய மிக்சி, ஒரு கேஸ் அடுப்பு, மூட்டை மூட்டையாகச் சோயா பீன்ஸ். விடியற்காலையில் கன்னத்தில் போட்டுக்கொண்டது மிக்சிக்குத்தான்.

சோயாப் பாலில் புரதம் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது. பாத்தியின் கசப்புத் தண்ணீரில் இருக்கும் உப்புகள் சூடான பாலில் சேர்ந்ததும் அந்தப் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. மந்திரம் அவ்வளவுதான். ஆரோவில் பக்கம் இதே மாதிரிக் கட்டியை வில்லை போட்டு டோஃபு என்று விற்கிறார்கள், வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இங்கே அதற்குப் பேய் என்று பெயர். எந்தச் சத்து இல்லாமல் ஒரு குழந்தை சாகக் கிடந்ததோ, அதையே அவள் கண்ணெதிரில் திரட்டி எடுத்து நாய்க்குப் போட்டிருக்கிறார் மகான்.

மகான் பின்வாசல் வழியாகப் போய்ப் புதுச்சேரி பஸ்ஸின் படியில் தொங்கினார். காவி வேட்டியைப் பிடித்து மாயவன் கீழே இறக்கினான். போலீஸ் வந்தது. மறுநாள் சுப்ராயன், அந்த ஆளை எனக்கு முன்னே பின்னே தெரியாது என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, ரத்தத்தில் புரதம் வற்றிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளை கை நழுவியிருக்கும் என்றார். காய்ந்த வயிற்றுக்கு ஒரேயடியாகக் கொடுக்கவும் கூடாதாம். மருந்தும் பாலும் கரண்டி கரண்டியாகப் போயின. உப்பின உடம்பு வடிந்தது. வடிந்தபிறகுதான் உள்ளே எவ்வளவு எலும்பு இருந்தது என்று தெரிந்தது. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, டீச்சர் பேச்சைக் கேட்டுப் பிள்ளை இளைத்துப்போனாள் என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனாள். சந்தியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரண்டியைப் பிடுங்கித் தானே குடிப்பேன் என்று அஸ்வினி அடம்பிடித்து அழுதாள். அவ்வளவு சத்தமாக அவள் அழுது எத்தனை மாதம் ஆயிற்று.

குழந்தையோடு ஊர் திரும்பிய மறுநாள் சந்தியா அங்கன்வாடி வாசலில் இருக்கிற தெருக்குழாய்க்குப் போனாள். குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. கழுத்தில் ஒரு முழம் பூ. கீழே எரிந்து முடிந்த கற்பூரம். பேய் ஓட்டின குழாயாம் அது. கேனும் பாட்டிலுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

சந்தியா பூவைக் கழற்றிப் போட்டாள். முந்தானையால் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். பாத்திரத்தை வைத்துத் தண்ணீர் பிடித்தாள்.

வரிசையில் முதலில் நின்ற முத்தம்மாள் பதறிப்போனாள். "ஏய், சாமித் தண்ணிய இன்னாத்துக்குடி புடிக்கிற?"

"முட்டை வேக வெக்க. குழாய்ல இருந்தத நான் தொடச்சிட்டேன்க்கா. மண்டைக்குள்ள அப்பி வெச்சிருக்கீங்களே, அத நீங்கதான் தொடச்சிக்கணும்."