ஹொப்ஸ் பூ வடகம்

ரெய்னர்ஸ் லேன், லண்டன்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மைத்துனர் ரதீசனுக்கு,

கிழக்கு லண்டன் பார்க்கிங் ஊரில் நீரும் றொசாந்தியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகன் துணை நிற்பாராக. எங்கள் சுகத்தைக் கெடுத்தவர் நீர்தான் என்பதால் அதைப்பற்றி விசாரிக்க வேண்டாம். போனில் சொன்னால் சிரிப்பீர், அதனால் எழுதுகிறேன்.

உமது தோட்டத்து ஹொப்ஸ் கொடியில் ஒரு வேரைக் கிண்டிவந்து என் மகன் கீர்த்தனனுக்குக் கொடுத்தீர். இந்தப் பூவைப் போட்டு வீட்டிலேயே பியர் காய்ச்சலாம் என்று அவனுக்குப் புத்தியும் சொன்னீர். கொடி என் பாவற்காய்ப் பந்தலை விழுங்கியது, போகட்டும் என்று விட்டேன். போன கிழமை அவன் பூவைப் பறித்து, காயவைத்து, கொன்சர்வேற்றரிக் கண்ணாடி அறையில் ஒரு சாக்கில் வைத்துவிட்டு வேலை விஷயமாக மான்செஸ்டர் போய்விட்டான். உமது அக்கா சிவனேஸ்வரி ஒரு பூவைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். கசந்ததாம். காய்ந்த பூ, அதுவும் கசக்கிற பூ என்றால் யாழ்ப்பாணத்து மனுஷிக்கு வேறென்ன நினைவு வரும்? யாரோ வேப்பம்பூ அனுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணி, உழுந்தும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து, அவ்வளவையும் வடகமாகப் பிடித்துக் காயவைத்துவிட்டாள்.

இன்று மத்தியானம் எங்கள் மகள் தர்மிகாவைப் பெண் கேட்டு ஸ்ட்ரெதத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே விரும்பியாயிற்று, மாப்பிள்ளையின் தகப்பன் சம்மதம்தான் பாக்கி. அவர் கோயில் தர்மகர்த்தா. இருமல் மருந்தில்கூட மதுசாரம் இருக்கிறதா என்று போத்தலை வாசித்துப் பார்க்கிறவர், குடிக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டவர். சோற்றோடு பொரித்த வடகத்தை வைத்தோம். மனிதர் நொறுக்கினார், திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார், பிறகு சோபாவில் சாய்ந்தார். கல்யாணப் பேச்சை எடுக்க நான் வாய் திறக்கிறேன், அவர் குறட்டை விடுகிறார். தட்டினோம், குலுக்கினோம், மனிதர் எழும்பவில்லை. அந்த நேரம் பார்த்து மான்செஸ்டரிலிருந்து வந்து இறங்கிய கீர்த்தனன், தட்டில் கிடந்த வடகத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சபை நடுவே கேட்டான்:

"அம்மா, என்ர பியர்ப் பூவையோ பொரிச்சுக் குடுத்தனீங்கள்?"

சம்பந்தி அம்மா எழுந்து நின்றார். "பியரோ? என்ர மனுசனுக்கு வெறியேத்திப்போட்டோ இருக்கிறியள்?"

பூவில் வெறி இல்லை, வெள்ளைக்காரர் தலையணைக்குள் வைத்துப் படுக்கிற சாமான், நித்திரை மட்டும்தான் வரும் என்று கீர்த்தனன் மன்றாடினான். யார் கேட்டார்கள்? மனிதரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தர்மிகா அறையைச் சாத்திக்கொண்டு அழுகிறாள்.

ஆகவே நீர் நாளைக்கே வந்து அந்தச் சனியன் பிடித்த கொடியை வேரோடு பிடுங்கி, அதையும் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரெதம் போய், சம்பந்தி வீட்டு வாசலில் நின்று, குற்றவாளி நீர்தான் என்று சொல்ல வேண்டும்.

உமது பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உமக்கு இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
அத்தான் தியாகராஜா

பி.கு.: உறையை ஒட்டும்போது சம்பந்தி போன் எடுத்தார். நைட் ஷிப்ட் செய்த காலத்தில் தொலைந்த நித்திரை இன்றைக்குத்தான் திரும்பி வந்ததாம். தை மாதத்தில் கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டு, "ஒரு போத்தல் வடகம் குடுத்துவிடுங்கோ, மனுசிக்கும் வேணுமாம்" என்றார். கொடியில் கை வைக்க வேண்டாம். உமது தோட்டத்திலுள்ள பூ முழுவதையும் பறித்துக்கொண்டு உடனே வாரும். கீர்த்தனன் கண்ணில் காட்டாதேயும், பியரில் போட்டுப் பாழாக்கிவிடுவான்.