விரிசலுக்குச் சுண்ணாம்பு பூசிய நிபுணர்

பார்த்தே சொல்லிவிடுகிற நிபுணர் என்று நம் ஜில்லாவில் ஓர் இனம் உண்டு. குழிக்குள் இறங்கமாட்டார்; விளிம்பில் குடை பிடித்து நிற்பார். கைத்தடியால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், ஒரு சிட்டிகை மண்ணை மோந்து பார்ப்பார், "ஊம்" என்பார், வெற்றிலை கேட்பார், அதை மென்று முடித்த பிறகுதான், "நான் பார்த்துட்டேன், ஒண்ணும் ஆகாது" என்று பூமாதேவிக்கே உத்தரவு போடுவார். பூமாதேவி கேட்பாளா? அது அவர் இலாகா அல்ல.

ஆம்பூரில் இந்த இனத்தின் திலகம் சுந்தரமூர்த்தி. சென்ற மகாயுத்தம் முடிந்த மறுவருஷம், ரயில் பாதையோரத்து மேட்டில் நாலு கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, "அடியில் நிலக்கரி!" என்று அறிவித்தார். அந்த வழியாகப் போகிற என்ஜின்கள் கரியைச் சிந்திக்கொண்டே போவதை ஊரே பார்த்திருந்தது. ஆனாலும் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி ஷபீ அஹமது மயங்கிவிட்டார். நாற்பது ஆட்கள் முப்பதடி வெட்டினார்கள். மண் மட்டும் தாராளமாக வந்தது.

சுவரைப் படிப்படியாகச் சரித்து வெட்டவேண்டாமா? வேண்டாமாம். நேர்குத்தாக வெட்டினால் கரி சீக்கிரம் வருமாம்.

மழை பெய்தது. விளிம்பையொட்டி நீளமாக ஒரு விரிசல் கண்டது. முதலில் பார்த்தவள் மண்கூடை சுமக்கும் பட்டம்மாள். அவள் புருஷன் தேவசகாயம் அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தான். கூடையைப் போட்டுவிட்டு நிபுணரிடம் ஓடினாள்.

"அய்யா, மண்ணு விரிசல் வுட்டுக்கிச்சு. வந்து பாருங்க."

"பார்த்துட்டேன். வெயிலுக்கு வெடிச்சிருக்கு."

"பேஞ்சது மழைங்களே?"

நிபுணருக்குக் கோபம் வந்தது. இன்னும் நாலு நாளில் முதலாளி வேறு வருகிறார். சுண்ணாம்பில் தோல் ஊறப்போடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? ஒரு வண்டி வரவழைத்து, விரிசலின்மேல் பூசச் சொன்னார். பூசியவளும் பட்டம்மாள்தான். விரிசல் மறைந்தது, மறைந்ததால் இல்லையென்று ஆயிற்று.

விடிந்ததும் பார்த்தால் சுண்ணாம்பு பிளந்து, நடுவே ஒரு விரல் நுழைந்தது. "மட்டமான சுண்ணாம்பு" என்று மறுபடி பூசச் சொன்னார். மூன்றாம் நாள் அவள் கையே நுழைந்தது.

"மண்ணு நவுருதுங்க. ஆளுங்கள மேல ஏத்துங்க!"

"ஏறினவனுக்கு இன்னிக்குக் கூலி கிடையாது!"

"அப்ப நீங்க எறங்குங்க. அந்தச் செவுத்துக்குக் கீழ செத்த நேரம் ஒக்காந்துட்டு வாங்க. ஒண்ணும் ஆவாதுன்னா உங்களுக்கு இன்னா பேஜாரு?"

கடப்பாரைச் சத்தம் நின்றது. நாற்பது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். சுந்தரமூர்த்தி ஏணியில் ஒரு காலை வைத்தார். அங்கிருந்தபடி விரிசலைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாக நிஜமாகவே பார்த்தார்.

"முட்டி வலி" என்று காலை எடுத்துக்கொண்டார்.

வாய் சொன்னதை விட்டுவிட்டு, கால் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். மளமளவென்று ஏறினார்கள், தேவசகாயம் கடைசி. அவன் ஒரு வாய்க் கஞ்சி குடிப்பதற்குள் சுவர் முழுதும் சரிந்து, அவன் நின்ற இடத்தை மூடிவிட்டது. பட்டம்மாள் அவனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நிபுணர் என்ன செய்தார்? அன்றைக்கே முதலாளிக்குக் கடிதம் எழுதினார்: "அடியேன் கூர்ந்து கவனித்து வந்தபடியால் ஆட்கள் முன்கூட்டியே மேலேற்றப்பட்டார்கள்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன் ஒரு காரியம். உங்கள் வீட்டுக் கூடத்தில், ஆணியடிக்கத் தோதில்லாத ஒரு மூலையில் காலண்டர் மாட்டியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் கழற்றி, பின்னால் சுவர் எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.