பெண் பார்க்கப் போய் ஹார்ட் டிஸ்க் பார்த்தது

கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரிந்தவன் அடுத்தவர் வீட்டுக்குப் போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இருபத்தேழு வயதில் எனக்கு அது தெரியவில்லை. அதுவும் நான் போனது பெண் பார்க்க.

காரோடு என்ற ஊரில் ஆதிராவின் வீடு. அம்மா, மாமா என்று என்னோடு சேர்த்துப் பத்து பேர், ஒரு வேன். சாயாவும் நேந்திரங்காய் உப்பேரியும் வந்தன. கிளம்பும் நேரத்தில் ஆதிராவின் அப்பா மூலையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"மக்களே, ஒரு ஃபைல் திறக்க பத்து நிமிஷம் எடுக்குதாக்கும். நீங்க நெய்யாற்றின்கரையில கடை வச்சிருக்கியதா சொன்னாங்க..."

(கடை வைத்திருந்தது வேறொருவர். நான் அங்கே வேலை பார்த்தேன். இதை அப்போது நான் சொல்லவில்லை.)

உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது, ஹார்ட் டிஸ்கில் பேட் செக்டர். அதாவது, எழுதி வைத்ததைப் படிக்க முடியாமல் கெட்டுப்போன இடங்கள். கதவருகே நின்ற ஆதிரா முதல் தடவையாகப் பேசினாள்.

"அதுல என் எம்.எஸ்ஸி புராஜெக்ட் உண்டு. அடுத்த வாரம் கொடுக்கணும். முதல்ல காப்பி எடுக்கண்டாமா?"

"பயப்படாண்டாம். கெட்ட இடம் வந்தா டிஸ்கே அதைத் தள்ளி வச்சிட்டு, உபரியா வச்சிருக்கிற இடத்தைக் கொடுக்கும். அதுலயும் தப்பினா சிஸ்டம் அடையாளம் போட்டு ஒதுக்கிரும்" என்று முழங்கினேன்.

உபரி இடம் கொஞ்சம்தான், அது எப்போதோ தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்கை முழுக்கப் படிக்கவைத்துச் சோதிப்பது, கால் ஒடிந்தவனை ஓடவிட்டுப் பார்ப்பது மாதிரி.

அந்தச் சோதனையைத்தான் பதினோரு மணிக்குத் தொடங்கினேன். ஒரு மணிக்கு ஒன்பது சதவீதம். படிக்க முடியாத ஒவ்வொரு இடத்திலும் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றது. நானும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எலே, போவமா?" என்றார் மாமா.

"நடுவுல நிறுத்தினா எல்லாம் போயிரும் மாமா."

சாயாவோடு எங்களை அனுப்ப நினைத்த வீட்டில் அரிசி கழுவும் சத்தம் கேட்டது. யாரோ மீன் வாங்க ஓடினார்கள். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. பக்கத்து வீட்டார் கல்யாணம் உறுதியாகிவிட்டதென்று நினைத்து வந்து விசாரித்தார்கள்.

நாலரை மணிக்கு, பதினெட்டு சதவீதத்தில், டிஸ்க் 'டக் டக்' என்றது. பிறகு அடங்கிவிட்டது. ஆதிரா அழுதாள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது எனக்கு.

மறுநாள் தனியாகப் போய் நின்றேன். அவளுடைய பேராசிரியர் திருத்திக் கொடுத்த பழைய அச்சுப்பிரதி ஒன்று மிச்சமிருந்தது.

"கல்யாணப் பேச்சு பிறவு. முதல்ல இத டைப் பண்ணுங்க" என்றாள்.

ஐந்து நாள், எண்பத்தாறு பக்கம். அவள் வாசித்தாள், நான் அடித்தேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பென்டிரைவில் காப்பி எடுக்கவைத்தாள். புராஜெக்ட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கல்யாணத்துக்கும் சரி என்றாள். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

போன மாதம் ஆதிராவின் தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பேச்சுக்கிடையே வீட்டு லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். சத்தியமாகத் தண்ணீர் குடிக்கத்தான்.

மாமியார் அடுக்களையைப் பார்த்துக் கத்தினார்: "எடியே ஆதிரா, பத்து பேருக்கு அரிசி போடு!"