பாதம் கிடைத்த வீட்டுமனை

கிரேக்கத்தின் நக்சோஸ் தீவில் ஆடுகளுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படும் பிராணி சரித்திரக்காரர். படித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். படித்தவர்கள் ஏதென்சில் இருக்கிறார்கள், கேட்டால்தான் பேசுவார்கள். எங்கள் இனம் கேட்காமலே பேசும். 'எங்கள்' என்று சொல்லிவிட்டேனா? சரி, ஒளித்து என்ன ஆகப்போகிறது.

துறைமுகக் காப்பிக்கடையில் "கப்பல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். தூங்கும்போது காதலன் எங்கள் கரையில் கைவிட்டுப் போன இளவரசியில் ஆரம்பித்து, ஊரைக் கொளுத்திய பாரசீகர், கப்பம் பிடுங்கிய ஏதென்ஸ்காரர், மூலைக்கு மூலை தேவாலயம் கட்டிய பைசாந்தியர், ஆட்டையும் ஆளையும் அள்ளிக்கொண்டு போன கடற்கொள்ளையர் என்று ஒவ்வொருவராகக் கடந்து, கோட்டை மேல் ஏறி உட்கார்ந்த வெனிஸ் பிரபுக்களிடம் நாங்கள் வந்து சேர்வதற்குள் உங்கள் கப்பல் போயிருக்கும். ரோமானியரை மட்டும் தாண்டிக் குதித்துவிடுவோம். எங்களவர் செய்த சிலைகளைப் பார்த்து நகலெடுத்தவர்களுக்கெல்லாம் நேரத்தை வீணாக்குவதா?

இன்னொரு குணமும் உண்டு. அடுத்தவன் நிலத்தில் கல் கிளம்பினால் எங்களுக்கு நாட்டுப்பற்று பொங்கிவிடும். பக்கத்து மனைக்காரன் யாக்கோவோஸ் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டியபோது செதுக்கிய கல் ஒன்று வந்தது. தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் போட்டது யார்? "சரித்திரம் எல்லாருக்கும் சொந்தம்டா" என்று அவன் தோளையும் தட்டிக்கொடுத்தேன். அலுவலகத்தார் வேலையை நிறுத்தி அன்று போட்ட கம்பி வேலி இன்னும் நிற்கிறது. உள்ளே அவன் ஆடுகள் மேய்கின்றன.

எங்கள் தீவில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது அப்பன் கடமை. என் மகள் கல்லிரோயிக்குச் செப்டம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மனையைப் பார்த்துத் திருப்தியாகப் போயிருந்தார்கள். வசந்தத்தில் அஸ்திவாரம் தோண்டினோம். இயந்திரத்தின் பல்லில் ஒரு பளிங்குப் பாதம் மாட்டிக்கொண்டு வந்தது.

"பழசா?" யாக்கோவோஸ் சுவருக்கு மேல் தலையை நீட்டினான்.

"பழசாவது! எங்க தாத்தா ஆட்டுக்குத் தண்ணி வச்ச கல்லு."

"உங்க தாத்தா தொட்டிக்கு அஞ்சு வெரல் வச்சாரா? இரு, போன் போடறேன். சரித்திரம் எல்லாருக்கும் சொந்தம்டா."

அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். மண்டியிட்டுத் தூரிகையால் மண்ணைத் துடைத்தாள். நான் தெரிந்த புனிதர்களை எல்லாம் வேண்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் எழுந்தாள்.

"ரோமானியக் காலத்துதுங்க. எங்கிருந்தோ உடைஞ்சு வந்த துண்டு. பெரிசா ஒண்ணும் இல்ல. மியூசியத்துக்கு எடுத்துக்கறோம், நீங்க வீட்டைக் கட்டலாம்."

என் மனைவி அனேசா சிலுவை போட்டுக்கொண்டாள். யாக்கோவோசின் முகம் தொங்கியது. நான் செய்ய வேண்டியது என்ன? நன்றி சொல்லிவிட்டு வாயை மூட வேண்டியது. அவ்வளவுதான்.

"ரோமானியமா?" என்றேன்.

அனேசா விலாவில் இடித்தாள். "ஆமான்னு சொல்லித் தொலையேன்யா!"

"அப்பா, உன் கால்ல விழறேன், பேசாம இரு" என்று கெஞ்சினாள் கல்லிரோயி.

"அட இருங்க! ரோமானியனுக்கு இந்தக் கட்டைவெரலைச் செதுக்கத் தெரியுமாம்மா? இது எங்க மலைப் பளிங்கு! அவங்க இங்க வர்றதுக்கு ஐந்நூறு வருஷம் முந்தினது! உடைஞ்சு வந்த துண்டாம்! பாதம் இங்க இருந்தா மிச்ச ஆளு கீழதானே இருப்பான்? தோண்டிப் பாருங்க!"

அந்தப் பெண் தூரிகையைப் பைக்குள் வைத்தாள். பிறகு போனை எடுத்தாள். சாயங்காலமே கம்பி வேலி வந்துவிட்டது.

கல்யாணம் நடந்தது. மகளும் மாப்பிள்ளையும் எங்கள் படுக்கையறையில் இருக்கிறார்கள். நானும் அனேசாவும் பாலாடைக்கட்டி வைக்கும் அறையில் படுக்கிறோம். அவள் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள். மகள் முகத்தைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருக்கிறது. யாக்கோவோஸ் நடுச்சுவரில் ஒரு வழி திறந்துவிட்டான். இப்போது அவன் ஆடுகள் இரண்டு மனையிலும் மேய்கின்றன. தோண்டிய குழியில் இதுவரை ஒரு முழங்கால்கூட அகப்படவில்லை. அந்தப் பெண் இன்னும் ரோமானியம் என்றுதான் சொல்கிறாள். நானும் விடுவதாயில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கே யாராவது வந்து, உங்கள் ஊர்க் கோயில் நீங்கள் சொல்வதைவிட ஐந்நூறு வருஷம் பிந்தியது, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம் என்றால், சொல்வீர்களா? பதில் வேண்டாம். மறுத்துப் பேச இப்போதே உங்கள் உதடு துடிப்பது எனக்குத் தெரிகிறது.