எட்டு டப்பா பூசணி

நாற்பது டப்பா! குழந்தை பிறப்பதற்குள் நாற்பது டப்பா சமைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுவது என்று கிடங்குக்காரர் சபதம் எடுத்தபோது, அவர் மனைவிக்கு எட்டாம் மாதம் முடியவிருந்தது. உதவிக்கு வருவதாக இருந்த அவருடைய மாமியார் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு, தனக்கே ஆள் தேவை என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"குழந்தை வந்தப்புறம் நீ அடுப்புப் பக்கமே வரக்கூடாது," என்றார்.

"வரலீங்க," என்றாள் அவள். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே ஆள் தேவைப்பட்ட நேரம் அது. எதிர்த்துப் பேசத் தெம்பில்லை.

பன்னிரண்டு வருடமாகத் தண்ணீர் பம்பு உதிரிபாகக் கிடங்கு அவருடைய பொறுப்பில் இருந்தது. அங்கே இரண்டே கட்டளைகள். உள்ளே வராத சரக்கு இருப்பில் இருக்கக் கூடாது. பெயர்ச் சீட்டைப் பெட்டியில்தான் ஒட்ட வேண்டும், மூடியில் ஒட்டினால் மூடி மாறும். இதைச் சொல்லிச் சொல்லியே குரல் கட்டிப்போனவர். வீட்டுக்கு வந்தும் இதையே சொல்வார். அவளுக்கும் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது.

பரணில் பிரிக்காமல் கிடந்த ஸ்லோ குக்கர் கீழே இறங்கியது. முதல் நாள் பருப்பை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஏம்மா, இது வேகமா வேகாதா?"

"வேகம் இருந்தா அதுக்கு எதுக்குங்க அந்தப் பேரு? மூடி வச்சுட்டு வந்து உக்காருங்க."

இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. நின்று நின்று இடுப்பு விட்டுப்போயிற்று. பருப்பு பன்னிரண்டு டப்பா, கோழி சூப் பன்னிரண்டு டப்பா. கீரைக்கு வந்தபோது ஆள் ஓய்ந்திருந்தார். ஒரே ஒரு அலசல், ஒரே ஒரு கிளறல். உப்புப் போட்டோமா என்ற சந்தேகம் எட்டாவது டப்பாவை மூடும்போதுதான் வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு உப்பு குறைவாக இருப்பதே நல்லது என்று தனக்குத் தானே மருத்துவம் சொல்லிக்கொண்டார்.

இன்னும் எட்டு டப்பா பாக்கி. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. குழந்தை வந்துவிட்டால் தூக்கம் போகும், நாற்காலியில் சாய முடியாது, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சிரிக்க வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆறுதல்கூட வேண்டாமா? ஆட்டுக்கறி! ஆனால் 'கறி' என்று எழுதி வைத்தால் அவள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்து வைத்துவிடுவாள். முக்கியமாக, தன் அண்ணனுக்கு. மச்சான் சாப்பிட உட்கார்ந்தால் டப்பா மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்குப் பரிசோதனை. "சமையல் இருக்கும்மா," என்று சொல்லி மாடி வீட்டுத் தையல்காரம்மாவைத் துணைக்கு அனுப்பினார். பரிசோதனை முடிந்து குழந்தைத் துணி வெட்ட மாடியில் உட்கார்ந்தவள் இறங்கிவர எட்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கறி பஞ்சாக வெந்து, கீரை டப்பா மாதிரியே எட்டு வெள்ளை டப்பாவில் அடங்கி, எட்டு மூடியிலும் 'பூசணி' என்று சீட்டு ஏறிவிட்டது. கீரைக்கும் சரி, இதற்கும் சரி, டப்பாவின் பக்கவாட்டில் ஈரத்துக்குச் சீட்டு ஒட்டவில்லை. வீடுதானே, யார் சோதனைக்கு வரப்போகிறார்கள்?

உள்ளே வந்ததும் அவள் மூக்கை உயர்த்தினாள்.

"என்னங்க வாசனை?"

"பூசணிக்காய்."

"பூசணிக்காய்க்கா இந்த வாசனை!"

"மெதுவா வெந்தா அப்படித்தான். உனக்குத்தான் பூசணி ஆகாதேம்மா. எட்டையும் நானே தின்னு தீத்துடறேன். நீ கீரை சாப்பிடு, பிள்ளைக்கு நல்லது."

"பாவம் நீங்க," என்றாள் அவள். அந்த 'பாவம்' அவர் நெஞ்சில் லேசாகக் குத்தியது. வசதியாக மறந்துவிட்டார்.

பத்து நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த நிமிடத்திலிருந்து அதற்குத் தன் அம்மாவின் அண்ணனைப் போலவே பசி. கிடங்குக்காரர் விடுப்பில் இருந்தார் என்றுதான் பேர். துணி துவைத்தார், காயப்போட்டார், மடிப்பதற்குள் மறுபடி துவைத்தார். தினமும் மத்தியானம் அவர் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது தையல்காரம்மா இறங்கி வந்து, ஒரு கீரை டப்பாவைச் சுடவைத்து மனைவிக்குக் கொடுப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். குழந்தைக்குக் காற்று ஆகாதாம்.

இறங்கி வரும்போது வீடே மணக்கும். வெறும் கீரைக்கு இவ்வளவு மணமா என்று தன் கைப்பக்குவத்தைத் தானே மெச்சிக்கொள்வார். வீட்டுக்கு வந்த ஆறு நாளும் கீரை. அவள் ஒரு நாளாவது முகம் சுளிக்கவில்லை. தட்டை வழித்துத் துடைத்து வைத்திருந்தாள். இப்பேர்ப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஆனாலும் கறியை விட மனமில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் மச்சான் வந்து பருப்பில் நான்கு டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போனார். பூசணி என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். திட்டம் பலித்த பூரிப்பில் கிடங்குக்காரர் முதல் பூசணி டப்பாவை வெளியே எடுத்துச் சுடவைத்தார். கால் கடுத்தது, கண் எரிந்தது, நாக்கு மட்டும் விழித்திருந்தது. மூடியைத் திறந்தார்.

பச்சை.

கரண்டியை விட்டுத் துழாவினார். அடிவரைக்கும் பச்சை. ஒரு வாய் வைத்தார். உப்பில்லை. பல்லில் மண் நறநறத்தது. இதையா இவளுக்கென்று எட்டு டப்பா நிரப்பினோம் என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது.

படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. "பூசணி எப்படிங்க இருக்கு?"

"ப... பச்சையா இருக்கு."

"பிஞ்சுப் பூசணியா இருக்கும்."

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் படுக்கையறை வாசலில் போய் நின்றார். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். நம்ம வீட்டுக் காய்கறிச் சீட்டு எழுதறது நான். மூணு மாசமா அதுல பூசணிக்காயே இல்ல. உள்ள வராத சரக்கு எப்படிங்க இருப்புல வந்துச்சு?"

அவர் வாயில் இருந்ததை மண்ணோடு விழுங்கினார்.

"சீட்டை மூடியில ஒட்டினா என்ன ஆகும்?"

"மூடி... மாறும்."

"மாறிடுச்சு. தையல்காரம்மா மாத்துறதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பாத்திருக்கேன். பூசணிக்காய்க்குள்ள ஆட்டை மறைச்சவரு நீங்க ஒருத்தர்தான்."

"கறி... எப்படிம்மா இருந்துது?"

"சும்மா சொல்லக் கூடாது, பஞ்சா வெந்திருந்துச்சு. இன்னும் ரெண்டு டப்பா இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. ஒரு அடி முன்னால் வந்தார்.

"அது கீரைங்க. பிள்ளைக்கு நல்லது," என்றாள் அவள். "நீங்க மீதி ஏழு பூசணியையும் தின்னு தீத்துடுங்க. எனக்குத்தான் பூசணி ஆகாதே."